கடல்களை இணைத்தவர்கள் கண்ணயர்ந்த இடம்

பாடசாலையிற் பூகோளம் கற்கும் மாணவர் எவரும் பனாமாக் கால்வாயை அறியாதிருக்க மாட்டார். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் பிணைத்து நிற்கும் ஒடுங்கிய பூசந்தியை ஊடறுத்து, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் பசிபிக் சமுத்திரத்தையும் இணைக்கும் அந்நீர்வழி ஏறக்குறைய 50 மைல் நீளமுடையது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆந் திகதி ‘அன்கோன்’ என்னும் கப்பல் அதனூடாகச் சென்று, உலகக் கப்பற் போக்குவரத்துக்கு அதனைத் திறந்து வைத்தது. நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் கப்பல்களுக்குத் தென் அமெரிக்காவைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 8,000 மைல் அலைச்சல் அன்றோடு ஒழிந்தது. இவை யாவும் பாடநூலிற் காணப்படுவன. பரீட்சையிற் கேட்கப்படுவனவும் இவையே.

பாடநூல் கேளாத கேள்வி ஒன்றை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வோம். அக்கால்வாயை வெட்டியவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள்? எதனை உண்டார்கள்? மழையில் நனைந்த சட்டையை எங்கே காயப்போட்டார்கள்? இவை அற்பக் கேள்விகள் என்று சிலர் நகைக்கக் கூடும். ஆயின், ஆயிரக்கணக்கான மனிதரின் உயிர் இக்கேள்விகளுக்கான விடையிலேதான் தங்கியிருந்தது. அதனை விளக்குவதே எமது நோக்கம்.

கட்டிற் காலும் நுளம்பும்

பனாமாவில் முதன்முதலாக மண்வெட்டி பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர். சூயஸ் கால்வாயை அமைத்துப் புகழ்பெற்ற லெசெப்ஸ் என்பாரின் தலைமையில் 1881ஆம் ஆண்டில் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் அவர்களை வாரிக்கொண்டு போயின. அந்நோய்களைப் பரப்புவது நுளம்பு என்னும் உண்மை அக்காலத்தில் வைத்தியர்களுக்கும் தெரியாது. பிரெஞ்சு வைத்தியசாலையிலே நோயாளரின் கட்டில்களில் எறும்பு ஏறாதிருக்கும் பொருட்டு, ஒவ்வொரு கட்டிற் காலையும் நீர் நிரம்பிய பாத்திரத்தில் வைத்தார்கள். நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட அந்நீரிலேயே நுளம்புகள் பெருகின. காலில் அடிபட்டு வந்தவன் காய்ச்சல் கண்டு மாண்டான். பிரெஞ்சுக் கம்பெனி 1889ஆம் ஆண்டில் முறிந்தபோது, அதன் பணியில் ஏறக்குறைய 20,000 பேர் மடிந்திருந்தனர் என்பது வரலாற்றாசிரியரின் மதிப்பீடு.

கம்பெனி முறிந்ததும், வேலைக்கென ஜமேக்காத் தீவிலிருந்து வந்திருந்த ஆயிரக்கணக்கானோர் கையிற் காசின்றி அந்நிய மண்ணில் நின்றார்கள். அவர்களை மீட்டு ஊர் சேர்க்கும் செலவு ஜமேக்கா அரசாங்கத்தின் தலையிலே விழுந்தது. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். பின்னர் ஐக்கிய அமெரிக்கா 1904ஆம் ஆண்டு மே மாதத்திலே கால்வாய் வேலையைப் பொறுப்பேற்று ஜமேக்காவில் ஆள் கேட்டபோது, அத்தீவின் ஆளுநர், திருப்பி அனுப்பும் செலவுக்குப் பிணையாகத் தலைக்கு ஒரு தொகை முற்பணமாகக் கட்டினாலன்றி ஆள் திரட்ட இடமளியேன் என்று உறுதியாய் நின்றார். அவர் வேறு யாருமல்லர். இலங்கைச் சிவில் சேவையிலே தமது உத்தியோக வாழ்வைத் தொடங்கிய சேர் அலெக்சாண்டர் சுவெட்டனம் என்பவரே. தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வருவதையும் போவதையும் இலங்கையிற் கண்ணாரக் கண்டவர் அவர். அமெரிக்கர் அந்நிபந்தனைக்கு இணங்கவில்லை. அவர்களுடைய பார்வை பார்படோஸ் என்னும் சிறு தீவின்மீது திரும்பியது.

பார்படோஸிலிருந்து புறப்பட்டவர்கள்

பார்படோஸ் அந்நாளிற் பிரித்தானியரின் கரும்புத் தீவு. நிலம் தோட்டத்துரைமாருக்கு உரியது. அடிமை முறை ஒழிந்து எழுபது ஆண்டுகள் கழிந்தும், கரும்பு வெட்டுபவனின் நாட்கூலி ஏறக்குறைய 20 சதமாகவே இருந்தது. பனாமாவிலோ மணித்தியாலத்துக்கு 10 சதம். நாளொன்றுக்குப் பத்து மணி வேலை. ஆகவே நாளுக்கு ஒரு டொலர். 500 வேலைநாள் முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று ஒப்பந்தம் கூறிற்று. தலைநகராகிய பிரிட்ஜ்டவுனில் ஆட்சேர்ப்பு நடந்த இடத்திலே இளைஞர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றனர். வைத்தியர் நெஞ்சையும் கண்ணையும் சோதித்துத் தேறியவனைத் தெரிந்தெடுத்தார். தேறாதவன் கண்கலங்கித் திரும்பினான். இவ்வாறு ஒப்பந்தத்தில் அள்ளுண்டு சென்றவர் மாத்திரம் ஏறக்குறைய 20,000 பேர். சொந்தச் செலவிலே சென்றவர் வேறு. தீவின் குடிசனத்திற் பத்திலொரு பங்குக்கு மேற்பட்டோர் சென்றனர் என்றால், எத்தனை வீடுகளில் ஆண்துணை அற்றுப்போயிருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பார்படோஸ் மக்கள் மாத்திரமன்றி, மார்ட்டினிக் முதலிய பிற தீவுகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். தடை இருந்தும் ஜமேக்கர் பலர் தாமே கப்பற் கட்டணம் செலுத்தி வந்து சேர்ந்தார்கள். ஸ்பெயினிலிருந்து எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்களுக்குக் கூலி மணித்தியாலத்துக்கு 20 சதம், அதாவது மேற்கிந்தியர் பெற்றதன் இரட்டிப்பு.

பொன்னும் வெள்ளியும்

பனாமாவில் இறங்கியவன் முதலிற் கற்றுக்கொண்ட பாடம், மனிதர் இரு வகையினர் என்பது. அமெரிக்க வெள்ளையருக்குச் சம்பளம் அமெரிக்கப் பொன் நாணயத்தில் வழங்கப்பட்டது; ஏனையோருக்குப் பனாமா வெள்ளி நாணயத்தில் வழங்கப்பட்டது. கணக்கு வசதிக்காக வகுக்கப்பட்ட இப்பிரிவு, நாளடைவில் நிறத்தைப் பிரிக்கும் வேலியாக மாறிற்று. ‘பொன் பட்டியல்’, ‘வெள்ளிப் பட்டியல்’ என்னும் சொற்கள் தபாற் கந்தோரின் சாளரத்திலும், பண்டகசாலையின் வாயிலிலும், வைத்தியசாலையின் அறைகளிலும் புகுந்தன. நிறத்தைக் குறிக்கும் சொல்லை எழுதாமலே நிறத்தைப் பிரித்துவிட்டார்கள்.

உறைவிடத்தில் இவ்வேற்றுமை எவ்வாறு விளங்கிற்று என்பதைப் பார்ப்போம். பொன் பட்டியலில் உள்ளவருக்கு, தொடக்க ஆண்டுகளில், மாதச் சம்பளத்தின் ஒவ்வொரு டொலருக்கும் ஒரு சதுர அடி வீதம் வீட்டிடம் கணக்கிடப்பட்டது. மனைவி வந்து சேர்ந்தால் அவளுக்கும் அதே அளவு கூட்டப்பட்டது. வீடும் தளவாடமும் இலவசம். சாளரங்களுக்கு நுளம்பு புகாத செப்புக் கம்பிவலை அடிக்கப்பட்டது. இக்கணக்கு வெள்ளிப் பட்டியலாருக்கு உரியதன்று. உரியதாயிருந்தால் என்னவாகும் என்று எமது மாணவ நேயர்கள் கணித்துப் பார்க்கட்டும். நாளுக்கு ஒரு டொலர் வீதம் மாதம் 26 நாள் வேலை செய்தவனுக்கு 26 சதுர அடி கிடைத்திருக்கும். ஒரு பாயை விரித்து அருகே செருப்பைக் கழற்றி வைக்க அது போதும்.

அவனுக்குக் கிடைத்தது நெடுங்கொட்டிலில் ஒரு படுக்கை. கொட்டில் ஒன்றில் 72 பேர். இரும்புச் சட்டங்களிலே கித்தான் கட்டிய படுக்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. நடு அடுக்கிற் கிடப்பவன் எழுந்து உட்கார்ந்தால் தலை மேலடுக்கில் இடிக்கும். பெட்டி வைக்க இடமில்லை. கதவை அடைத்துக்கொண்டு தனித்திருக்க வழியில்லை. மனைவியையோ மக்களையோ அழைத்துவர இயலாது.

உணவோ பொதுச் சமையற்கூடத்தில். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 27 சதம் கூலியிற் பிடிக்கப்பட்டது. ஒவ்வொருவனுக்கும் இலக்கம் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. சம்பளம் பெறுவதற்கும் உணவு பெறுவதற்கும் அதுவே அத்தாட்சி. ஸ்பானியருக்கு மேசையும் வாங்கும் உண்டு. மேற்கிந்தியருக்கு அவை இல்லை. தகரப் பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொண்டு வெளியே நின்றோ, குந்தியோ உண்ண வேண்டும். மழை பெய்தால் மழையோடு உண்ண வேண்டும்.

காயாத சட்டை

கால்வாயின் அத்திலாந்திக் கரையிலே ஆண்டுக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். எட்டு ஒன்பது மாதங்கள் வானம் வெளுப்பதில்லை. இரத்தினபுரி மழையை அறிந்த எமது நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அம்மழையிலே ஓர் இளைஞனின் ஒருநாளை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். விடியுமுன் எழுகிறான். தொழிலாளரை ஏற்றும் புகையிரதத்திலே குலெப்ரா மலைவெட்டுக்குப் போகிறான். வெடிமருந்துப் பெட்டியைத் தலையிற் சுமக்கிறான். பாறையிற் குழி துளைக்கிறான். தண்டவாளத்தைப் பெயர்த்து வேறிடத்தில் இடுகிறான். பத்துமணி நேரம் மழை அவன்மீது பெய்கிறது. மாலையிற் கொட்டிலுக்கு வருகிறான். மாற்றிக்கொள்ள வேறு சட்டை இல்லை. ஊரிலிருந்து கொண்டு வந்தது ஒன்றோ இரண்டோதான். எழுபத்திரண்டு பேரின் ஈரத் துணிகளைக் காயவைக்கக் கொட்டிலிலே இடமுமில்லை, நெருப்புமில்லை. ஈரத்தோடு படுக்கிறான். பக்கத்தில் ஒருவன் இருமுகிறான். மேலடுக்கில் இன்னொருவன் இருமுகிறான். மறுநாட் காலையில் அதே ஈரச்சட்டையை எடுத்து அணிந்துகொண்டு புறப்படுகிறான்.

இஃது எமது கற்பனையன்று. கால்வாய் வெட்டி ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றபின், 1963ஆம் ஆண்டிலே, பனாமாவிலிருந்த வரலாற்றுச் சங்கம் ஒன்று, உயிரோடிருந்த முதிய தொழிலாளரிடம் தத்தம் அனுபவங்களை எழுதியனுப்புமாறு கேட்டுப் போட்டி ஒன்றை நடாத்திற்று. நடுங்கும் கையால் எழுதப்பட்ட அக்கடிதங்களிலே வெடிவிபத்தும் மண்சரிவும் காய்ச்சலும் இடம்பெற்றன. அவற்றோடு, காயாத உடையை மறுநாளும் அணிந்துசென்ற நினைவும் மீண்டும் மீண்டும் வந்தது. கிழப்பருவத்திலும் அவர்களுடைய தோல் அந்த ஈரத்தை மறக்கவில்லை.

வென்ற நோயும் வெல்லாத நோயும்

அமெரிக்கர் சுகாதாரத்தைப் புறக்கணித்தார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. உண்மை அதற்கு மாறானது. மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என்பதை ரொனால்ட் றொஸ் இந்தியாவில் 1897ஆம் ஆண்டில் நிலைநாட்டியிருந்தார். மஞ்சட் காய்ச்சலும் நுளம்பாலேயே பரவுகின்றது என்பது கியூபாவில் நிறுவப்பட்டிருந்தது. அவ்வறிவை ஆயுதமாக ஏந்தி வந்தவர் வைத்தியர் வில்லியம் கோர்காஸ். வீடுதோறும் புகையூட்டினார், தேங்கிய நீரை வடித்தார், எண்ணெய் தெளித்தார், நகரங்களுக்குக் குழாய்நீர் வரச்செய்தார். 1905ஆம் ஆண்டு நவம்பருடன் பனாமா நகரிலே மஞ்சட் காய்ச்சல் அற்றுப்போயிற்று. மருத்துவ வரலாற்றிலே பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்க சாதனை அது. அதே ஆண்டில் வந்த பிரதம பொறியியலாளர் ஜோன் ஸ்டீவன்ஸ் என்பவர், அகழும் வேலையை நிறுத்திவைத்து, முதலில் வீடுகளும் கொட்டில்களும் கட்டப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டார். தொழிலாளர் அனைவருக்கும் வைத்தியம் இலவசமாகக் கிடைத்தது.

1906ஆம் ஆண்டு நவம்பரிலே ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் பனாமாவுக்கு வந்தார். பதவியிலிருக்கையில் அந்நாட்டு ஜனாதிபதி ஒருவர் வெளிநாடு சென்றது அதுவே முதற்றடவை. மாரியின் கடுமையைக் காணவேண்டும் என்றே அம்மாதத்தைத் தெரிந்தெடுத்த அவர், கொட்டும் மழையிலே பிரமாண்டமான நீராவி அகழ்பொறியின் மீதேறி அமர்ந்தார். அவ்வேளையிற் பிடிக்கப்பட்ட புகைப்படம் உலகெங்கும் பரவியது.

அதே 1906ஆம் ஆண்டின் முதற் பத்து மாதங்களில், வெள்ளைத் தொழிலாளர் ஆயிரம்பேரில் 17 பேர் இறந்த வீதத்துக்கு, மேற்கிந்தியத் தொழிலாளர் ஆயிரம்பேரில் 59 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்ற நோய்களுள் முன்னின்றது மஞ்சட் காய்ச்சலன்று, நியுமோனியா. நெஞ்சிலே சளி கட்டி, மூச்சுத் திணறி, சில நாட்களில் மாண்டார்கள். புதிதாக வந்திறங்கியவர்களே பெருந்தொகையாகப் பலியானார்கள். நுளம்புக்குக் கம்பிவலை அடிக்கலாம். எழுபத்திரண்டு பேர் ஒரே கூரையின்கீழ் விடும் மூச்சுக்கு எந்த வலையை அடிப்பது?

நோயோடு விபத்தும் சேர்ந்துகொண்டது. 1908ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆந் திகதி பாஸ் ஒபிஸ்போ என்னுமிடத்திலே வெடிமருந்து காலந்தப்பி வெடித்ததில் ஒரே கணத்தில் 23 பேர் மாண்டனர். மலைச்சரிவும் புகையிரதமும் ஒவ்வொருவராகவும் இருவராகவும் கவர்ந்தோர் பலர். அமெரிக்கர் வேலை நடாத்திய பத்து ஆண்டுகளிலே பதிவேடுகளின்படி இறந்த தொழிலாளர் 5,609 பேர். அவருள் ஏறக்குறைய 4,500 பேர் கறுப்பினத் தொழிலாளர். பதிவேட்டில் ஏறாமல் மறைந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

காட்டோரக் குடிசை

இனி நாம் சொல்லப்போவதே இக்கட்டுரையின் சாரம்.

மேற்கிந்தியர் கொட்டில்களை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். வெடிமருந்துப் பெட்டியின் பலகை, பழந்தகரம், காட்டுத்தடி ஆகியவற்றைச் சேர்த்து, காட்டோரங்களிலே தாமே குடிசைகளை அமைத்தார்கள். வேறு சிலர் பனாமா நகரிலும் கொலோன் நகரிலும் வாடகைக்கு ஒற்றை அறைகளைப் பிடித்தார்கள். மனைவியரை ஊரிலிருந்து வரவழைத்தார்கள். அவ்வாறு வந்த பெண்கள் துணி வெளுத்தார்கள், சமைத்து விற்றார்கள், குழந்தைகளை வளர்த்தார்கள். குடிசையைச் சுற்றிச் சேம்பும் வாழையும் நட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் மேற்கிந்தியருட் பெரும்பாலோர் அரசாங்கக் கொட்டிலுக்குப் புறத்தேதான் வாழ்ந்தார்கள்.

அதிகாரிகளுக்கு இது வியப்பாயிருந்தது. கொட்டில் இலவசம், குடிசைக்கு உழைக்க வேண்டும், அறைக்கு வாடகை கொடுக்கவேண்டும். கொட்டில் கழுவித் துடைக்கப்பட்டது, குடிசையிலே சேறு. அவ்வாறிருக்க, இவர்கள் ஏன் கெடுதியை விரும்பிச் செல்கிறார்கள்? சோம்பல் என்றார் சிலர். நாகரிகமின்மை என்றார் வேறு சிலர்.

உண்மையில் அவர்கள் தேடிச்சென்றது மிக எளிய பொருள். வேலையால் வருபவனுக்குச் சூடாக ஒருவாய்ச் சோறு. ஈரச்சட்டையை உலர்த்த ஓர் அடுப்பு. மாற்றுடையை மடித்து வைத்திருக்கும் ஒரு கை. அடைத்துக்கொள்ள ஒரு கதவு. எத்தனை அழுக்கான குடிசையாயினும் அதில் இவை இருந்தன. எத்தனை சுத்தமான கொட்டிலாயினும் அதில் இவை இருக்கவில்லை.

விளைவு என்ன? நியுமோனியாவால் இறப்போர் தொகை ஆண்டுக்காண்டு விரைந்து சரிந்தது. வைத்தியர் கோர்காஸ் காரணத்தை ஆராய்ந்தார். உடல்கள் அந்நாட்டுக்குப் பழகிவிட்டமையும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம். ஆயினும், நெரிசலான கொட்டில்களை விட்டுத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகச் சிதறி வாழ்ந்தமையே முக்கிய காரணம் என்று அவர் முடிவுசெய்தார். 1913ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்க முதலாளிகள், தங்கள் தொழிலாளரும் நியுமோனியாவால் மடிவதைக் கண்டு, அவரை அழைத்து ஆலோசனை கேட்டனர். அவர் மருந்து எதனையும் முதன்மையாகக் கூறவில்லை. அடைத்து வைத்திருக்கும் மனிதரைப் பிரித்துக் குடியிருத்துங்கள், குடும்பத்தோடு வாழவிடுங்கள் என்பதே அவருடைய புத்திமதியின் அடிப்படை. நுளம்பை வென்ற அதே மனிதர், பிற்காலத்து உரைகளிலே, ஏழையின் கூலியை உயர்த்துவதே எல்லாச் சுகாதார நடவடிக்கைகளிலும் மேலானது என்று வற்புறுத்தலானார். சுரங்க முதலாளிகள் வைத்தியசாலைகளைச் சீர்திருத்தினார்கள். தனி ஆண்களை அடைத்து வைக்கும் தொழிலாளர் விடுதிகளையோ பின்னும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தில் மலிவானதை மாத்திரம் வாங்கிச் சென்றவர் கதைதான் இது.

கால்வாய் நிறைந்தபின்

காட்டோரக் குடிசைகளுக்கு என்ன நேர்ந்தது என்று நேயர்கள் கேட்கலாம். அவற்றுட் பல இன்று நீருக்கடியில் உள்ளன. கப்பல்கள் செல்வதற்கென ஆற்றை மறித்துக் கட்டிய காட்டூன் ஏரியின் நீர் உயர உயர, அப்பள்ளத்தாக்கின் ஊர்கள் ஒவ்வொன்றாய் மூழ்கின. அது போதாதென்று, 1912ஆம் ஆண்டு டிசம்பரிற் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்றினால், கால்வாய் வலயத்திலே குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். ஏரியை ஆக்கியவனின் அடுப்பை அந்த ஏரியே அணைத்தது. அவன் பெண்டு பிள்ளைகளோடு கொலோன் நகரின் மரவீடுகளிலே மீண்டும் ஒற்றை அறையிற் புகுந்தான். சிலர் ஊர் திரும்பினார்கள். அவர்கள் கொணர்ந்த சிறு சேமிப்பால் பார்படோஸிலே சிறு துண்டு நிலங்கள் வாங்கப்பட்டன, வீடுகள் எழும்பின. திரும்பாதவர் பலர் மவுண்ட் ஹோப் முதலிய இடுகாடுகளிற் கிடக்கின்றனர்.

உழைத்து ஓய்ந்த வெள்ளிப் பட்டியற் தொழிலாளருக்கு உதவிப்பணம் வழங்கும் சட்டம் 1937ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதன் உச்சவரம்பு மாதம் 25 டொலர். 1999ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கால்வாய் முழுவதும் பனாமா நாட்டுக்கு உரிமையாயிற்று. அதற்குமுன்னரே, 1980ஆம் ஆண்டில், பனாமா நகரிலே மேற்கிந்தியர் கட்டிய பழைய மரத் தேவாலயம் ஒன்று, அவர்களுடைய வாழ்வைக் காட்டும் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

எமக்கு எட்டிய சிந்தனை

பனாமா எமக்குத் தொலைவிலுள்ள நாடு. ஆயினும் இக்கதை எமக்குத் தொலைவானதன்று. எமது மலைநாட்டிலே கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்ட வந்த தென்னிந்தியத் தமிழருக்குக் கட்டப்பட்ட லயங்களும், குடும்பத்துக்கு ஓர் அறை என்னும் கணக்கிலேயே எழுந்தன. அங்கும் கணக்கெடுக்கப்பட்டது வேலைக்கு எழுந்துவரும் கைகளின் தொகையேயன்றி, அக்கைகளுக்குரியவர் வாழும் வாழ்வன்று. இன்றும் எமது வீடுகளிலிருந்து பிள்ளைகள் மத்திய கிழக்கு நாடுகளின் கட்டடத் தளங்களுக்குச் செல்கின்றார்கள். தொலைபேசியிலே அவர்களிடம், ‘சம்பளம் எவ்வளவு?’ என்று முதலிற் கேட்கின்றோம். ‘சாப்பிட்டாயா?’ என்று அடுத்து வினவுகின்றோம். ‘எத்தனைபேர் ஓர் அறையிற் படுக்கிறீர்கள்? நனைந்த உடுப்பு எங்கே காய்கிறது?’ என்று கேட்பவர் எத்தனைபேர்? கேட்டாலும் உண்மையைச் சொல்லி வீட்டாரின் மனத்தை நோகச் செய்யப் பிள்ளைகள் விரும்புவதில்லை. ஆகவே, மறைக்க இடமின்றி, ஒருமுறைக்கு இருமுறை கேட்பது பெற்றோரின் கடமை. ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் கேட்பது அதனினும் நன்று.

தங்குமிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்வோரின் கணக்கு பெரும்பாலும் படுக்கைகளின் கணக்கே. படுக்கைகளை எண்ணுவது எளிது. பனாமாவின் கொட்டில்களிலும் படுக்கைகள் குறைவின்றியே இருந்தன. மனிதர் அவற்றை விட்டுவிட்டுச் சேற்றிலே குடிசை கட்டப் போனார்கள்; போனவர்களே பெரும்பாலும் பிழைத்தார்கள்.

அடுத்த முறை பூகோளப் படத்திலே அந்த ஒடுங்கிய பூசந்தியைக் காணும் மாணவர்கள், இரு சமுத்திரங்களுக்குமிடையே வரையப்பட்டுள்ள அச்சிறு நீலக் கோட்டைச் சற்றுக் கூர்ந்து நோக்குவார்களாக. அந்த நீருக்கடியிலே சில அடுப்புக் கற்கள் இன்னுங் கிடக்கக் கூடும்.